கழிவு வாயுவின் மறுசுழற்சி: மோட்டார் எஞ்சினில் அதன் பயன்

மோட்டார் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருளை எரிப்பதற்காகக் காற்று உட்செலுத்தப்படுகிறது. அக்காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் பிராணவாயு; 78 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜன் சாதாரணமாக எதனுடனும் எளிதில் கூடாத மந்த வாயுவாகும். ஆனால் சிலிண்டரினுள் தீ மூண்டதும் சுடரின் வெப்பநிலை 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் உயரக்கூடும். அவ்வெப்பத்தில் நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாகிறது. இவ்வினையின் போக்கைச் சோவியத் விஞ்ஞானி யாக்கோவ் செல்டோவிச் 1940-களில் விளக்கினார். வெப்பநிலை சிறிதே உயரினும் இவ்வாயு உண்டாகும் வேகம் பன்மடங்கு பெருகும் என்பது இங்கே கருதத்தக்கது.

வெளியேறிய நைட்ரிக் ஆக்ஸைடு காற்றில் நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறி நுரையீரலை உறுத்துகிறது. வெயிலில் எரிபொருள் ஆவிகளோடு சேர்ந்து வினைபுரிந்து ஓசோனையும் தோற்றுவிக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கவிந்த புகைமூட்டத்திற்கு இவ்வினையே காரணமென ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். நிலமட்டத்தில் சேரும் ஓசோன் கோதுமை முதலிய பயிர்களின் விளைச்சலையும் குறைக்கிறது.

கருவி இயங்கும் முறை

இத்தீங்கைக் குறைக்கும் வழி எளியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் கழிவு வாயுவில் ஒரு பகுதியை ஒரு வால்வின் வழியாக மீண்டும் உட்புகும் காற்றுடன் கலந்துவிடுகின்றனர். டீசல் எஞ்சின்களில் அது பெரும்பாலும் நீரால் குளிர்விக்கப்பட்ட பின்னரே கலக்கப்படுகிறது. கழிவு வாயுவிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் மீண்டும் எரிவதில்லை. அவை வெப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. கலவையில் பிராணவாயுவின் விகிதமும் குறைகிறது. ஆகவே சுடரின் உச்ச வெப்பநிலை தணிந்து, நைட்ரிக் ஆக்ஸைடு குறைவாகவே உண்டாகிறது. எஞ்சினிடம் முழு ஆற்றல் வேண்டப்படும்போது வால்வு மூடிக்கொள்ளும். நடுத்தரச் சுமையில் திறந்திருக்கும். அமெரிக்கக் கார்களில் இம்முறை 1970-களின் முற்பகுதியில் பரவலாயிற்று.

அடைத்துவிடலாமா?

டீசல் எஞ்சினில் இம்முறையால் கரி சற்று மிகுகிறது. கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து வால்வில் பிசினைப்போல் படியும். வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் தடுமாறும், கரும்புகை கக்கும், இழுவைத் திறன் குறையும். இதற்குப் பரிகாரமாகச் சிலர் குழாயைத் தகட்டால் அடைத்துவிடுகின்றனர். உடனே புகை குறைந்து வண்டி நன்கு ஓடுவதுபோல் தோன்றும். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் கரி குறைந்து, கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு பெருகுகிறது. பெட்ரோல் எஞ்சினிலோ வெப்பம் மிகுந்து, கலவை தானே வெடித்து எஞ்சின் தட்டும் தொல்லை நேரலாம். வால்வைக் கழற்றித் துப்புரவு செய்வதும், பழுதாயின் மாற்றுவதுமே முறையான பரிகாரமாகும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள், டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் வரம்பைக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாகக் குறைத்தன. ஆயினும் வழக்கமான புகைச் சோதனையில் டீசல் வண்டிப் புகையின் அடர்த்தியே அளக்கப்படுகிறது. எனவே அடைக்கப்பட்ட வால்வு அச்சோதனையில் அகப்படாமற் போகலாம். சான்றிதழ் பெற்ற வண்டி தூய வண்டிதான் என்று களப் பணியாளர் முடிவு செய்துவிடலாகாது.

வகுப்பில் செய்து காட்ட

இதன் தத்துவத்தை ஆசிரியர்கள் எளிதில் விளக்கலாம். நீர் நிரம்பிய கண்ணாடிச் சாடியை நீர்த்தொட்டியில் கவிழ்த்து, குழாய் வழியே மூச்சுக் காற்றை ஊதி நிரப்புக. அதே அளவுள்ள மற்றொரு சாடியில் சாதாரணக் காற்று இருக்கட்டும். இரண்டையும் எரியும் மெழுகுவர்த்திகள் மீது ஒரே சமயத்தில் கவிழ்த்தால், மூச்சுக் காற்றிலுள்ள சுடரே முதலில் அணையும். பிராணவாயு குறைந்து கரியமில வாயு மிகுந்த காற்றில் தீ தளர்கிறது. எஞ்சினிலோ தீயை அணையவிடாமல், அதன் வெப்பத்தை மட்டும் தணிக்குமளவுக்கே கழிவு வாயு சேர்க்கப்படுகிறது.