உம்மாவின் முதல் கடல் பயணம்

"மகன், எனக்கும் ஒருக்கா கப்பல்ல போகோணும்" என்று உம்மா சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

2019 மார்ச் மாதம் அது. உம்மாவுக்கு அப்போது 71 வயது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கடுகண்ணாவை மலையில். அவருடைய வாப்பா கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த உம்மா ஹஜ்ஜுக்குப் போனதோ விமானத்தில். "கடல் கீழதான் இருந்திச்சாம், இருட்டுல ஒண்டும் தெரியல்ல" என்பார்.

முழங்கால் வலியைக் காட்டித் தங்கச்சி தடுத்தாள். எனக்கும் மனமில்லை. அந்த வாரம்தான் மாணவர்களுக்கு உம்மு ஹராம் (ரலி) அவர்களின் ஹதீஸைப் பாடம் நடத்த நேர்ந்தது. கடலில் செல்லும் கூட்டத்தில் தாமும் இருக்க துஆச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட பெண்மணி அவர். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 28 அளவில், கணவருடன் சைப்ரஸ் தீவுக்குக் கப்பலேறினார். அங்கே வாகனப் பிராணியிலிருந்து விழுந்து வபாத்தானார். லார்னகா நகருக்கு அருகில், உப்பேரிக் கரையில் உள்ள பள்ளிவாசலில் அவருடைய கப்ர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நெடுந்தீவுக்குப் போவதென்று முடிவெடுத்தோம். பொல்கஹவெலயில் புகையிரதம் மாறி யாழ்ப்பாணம். 1990இல் நின்றுபோன சேவை, 2014 ஒக்டோபரில்தான் யாழ் நகருக்கு மீண்டது. அதே 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போருக்குப்பின் ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தார் எங்களைத் தங்கவைத்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணும் உம்மாவும் நடுநிசி வரை பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அது தனிக்கதை.

காலையில் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடல். உம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. துறைக்கும் படகுக்கும் இடையில் ஓர் எட்டு. அதற்குக் கீழே தண்ணீர். "உம்மா, திரும்பிப் போவோமா?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலேறியபோது சொன்ன, ஸூரா ஹூதில் வரும் அந்தத் துஆவை ஓதினார், படகுக்காரத் தம்பியின் கையைப் பிடித்தார், ஏறிவிட்டார்.

ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நடுக்கடலில் அலை தூக்கிப்போடத் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. காலையில் வயிறு முட்டத் தின்ற புட்டு வெளியே வந்தது. உம்மா என் நெற்றியை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தார், சின்ன வயதில் காய்ச்சலுக்குப் பிடித்ததுபோல. மடியிலிருந்து இஞ்சித்துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். அது எப்போது மடிக்கு வந்ததென்று எனக்குத் தெரியாது.

நெடுந்தீவில் முச்சக்கர வண்டி பிடித்தோம். சாந்து பூசாமல் பவளப்பாறைக் கற்களை அடுக்கிய வேலிகள், ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்து இன்று காட்டில் திரியும் கூட்டங்கள், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்க மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரமென்று சொல்கிறார்கள். உம்மா அதன் பொந்துக்குள் போய் நின்று, "ஒரு குடும்பமே இருக்கலாம்" என்றார். ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். உம்மா உட்கார்ந்து தொழுதார்.

சகோதரிகளே, உங்கள் உம்மாவையும் அழைத்துப் போக எண்ணினால், சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களைத் தவிருங்கள். பாதுகாப்பு அங்கியின் வாரை நீங்களே கட்டிவிடுங்கள். கரையிலேயே ஒழுச் செய்து, மற்றத் தேவைகளையும் முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டுவையுங்கள். தவறினால் இரவு தீவில்தான். புட்டைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஊர் வந்ததும் அயல்வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். குதிரையையும் மரத்தையும் பற்றிச் சொல்வாரென்று உள்ளறையில் காத்திருந்தேன். உம்மா முதலில் சொன்னது, மௌலவி கப்பலில் வாந்தியெடுத்த கதையை. இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறார்.