காரும் மூச்சு விடுகிறது!

செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். காருக்கு 2 லிட்டர் பெட்ரோல் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். அதை எரிக்க எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? சுமார் 18 ஆயிரம் லிட்டர்!

அந்தக் காற்றில் சாலைப் புழுதி உண்டு. கடற்கரை மணலும் உண்டு. அவை என்ஜினுக்குள் போனால், பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அதைத் தடுப்பதுதான் காற்று வடிகட்டி.

மூன்று வகை

எண்ணெய்த் தொட்டி: பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இருந்தது. தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மிக நுண்ணிய தூசி தப்பிவிடும்.

காகிதம்: இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது இதுதான். விசிறி மடிப்பாக இருப்பதால் காற்று தாராளமாகப் போகும். நுண்ணிய தூசியும் நிற்கும். இதைத் தண்ணீரில் கழுவக் கூடாது. அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டும்.

எண்ணெய் தோய்த்த பருத்தித் துணி: காற்று இன்னும் எளிதாகப் போகும். கழுவி, மறுபடி எண்ணெய் தடவலாம். ஆனால் பொதுவாக நுண்ணிய தூசியைக் காகிதம் அளவுக்குப் பிடிக்காது. குடும்பக் காருக்கு இதனால் பெரிய வேகமும் வந்துவிடாது.

எது நல்லது?

மணல் பறக்கும் ஊருக்குக் காகிதமே ஏற்றது. குறித்த கெடு வரும்வரை காத்திராமல், இடையிடையே திறந்து பாருங்கள். சில நூறு ரூபாய் வடிகட்டி, பல ஆயிரம் ரூபாய் என்ஜினைக் காப்பாற்றும்!