அக்காவின் ஒன்பது வருஷம்!

பி.காம். படித்தவனிடம் ஊர் இரண்டே கேள்விதான் கேட்கும். 'டாக்ஸை எப்படிக் குறைக்கிறது?', 'பி.எஃப். பணம் எப்ப வரும்?' பாலன்ஸ் ஷீட் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை!

போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது, நைட் ஷிப்ட் முடித்து வந்த தம்பி ஒருத்தர் மூன்றாவதாக ஒன்று கேட்டார். "ஏண்ணே, பென்ஷன்ல லேடீஸுக்கு ரெண்டு வயசு சலுகை உண்டாமே?"

அவர் குழப்பிக்கொண்டது ரயில் டிக்கெட்டோடு. அதில்தான் ஆணுக்கு 60, பெண்ணுக்கு 58 என்று சீனியர் சிட்டிசன் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா சாக்கில் இருவருக்குமே நிறுத்திவிட்டார்கள். சமத்துவம் என்றால் இப்படியல்லவா வரவேண்டும்!

பி.எஃப். பென்ஷன் கதை வேறு. 1995 நவம்பர் 16-ல் திட்டம் ஆரம்பித்தபோதே இரண்டு பேருக்கும் 58 என்றுதான் வைத்தார்கள்.

வெளிநாட்டில் இதற்கே பெரிய ரகளை. பிரிட்டனில் 1940-லிருந்து பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65. மனைவி பெரும்பாலும் வயதில் சின்னவள், இருவரும் ஒன்றாக வீட்டில் உட்காரட்டும் என்பது அன்று சொன்ன காரணங்களில் ஒன்று. 1995-ல் சமப்படுத்தச் சட்டம் போட்டார்கள். 2018-ல் பெண்ணுக்கும் 65, 2020-ல் இருவருக்கும் 66. 'எங்களுக்கு ஒழுங்காத் தகவலே சொல்லலை' என்று 1950-களில் பிறந்த பெண்கள் கொடி பிடித்தார்கள். சீனா 2025-லிருந்து வயதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறது. ஏற்றி முடித்தாலும் ஆணுக்கு 63, ஆபீஸ் பெண்ணுக்கு 58, ஃபேக்டரி பெண்ணுக்கு 55 என்றுதான் நிற்கும்.

"அப்ப நாமதான் முன்னாடி!" என்றார் தம்பி சந்தோஷமாக.

எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா 1998-ல் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாள். வயது 19. ஒன்பது வருஷம் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். 2007-ல் கல்யாணம், ராஜினாமா. வேலையை விட்டவர்கள் பி.எஃப். எடுக்க இரண்டு மாசம் காத்திருக்கவேண்டும், கல்யாணத்துக்காக விடும் பெண்கள் காத்திருக்க வேண்டாம் என்றொரு சலுகை அப்போது உண்டு. பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தோம். அது மட்டும் முப்பதாயிரத்துச் சொச்சம். மண்டபத்தில் மூன்று பந்தி நடந்தது. பாயசம் பிரமாதம்.

பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். அதற்குள் விட்டால் பணமாக எடுக்கலாம். அல்லது 'ஸ்கீம் சர்ட்டிபிகேட்' வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வேலைக்குப் போகும்போது பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே ஃபாரம்தான், 10சி. டிக் அடிக்கிற இடம்தான் வேறே!

பையன் ஸ்கூலுக்குப் போனதும் 2018-ல் அக்கா மறுபடி வேலைக்குப் போனாள். சர்வீஸ் சைபரிலிருந்து ஆரம்பம். 58 வயதில் 19 வருஷம்தான் இருக்கும். கணக்கு லேசு: கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளம், பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. 2014-ல் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பில் போட்டால் மாசம் 4,071. பழைய ஒன்பது வருஷம் கையில் இருந்தால்? 2014-க்கு முந்தின சர்வீஸ் என்பதால் அதற்கு உச்சவரம்பு 6,500. அதில் ஒரு 835. இருபது வருஷம் தாண்டினால் கிடைக்கும் இரண்டு வருஷ போனஸையும் சேர்த்தால், ஆயிரத்துக்குக் குறையாமல் கூட வரும், ஆயுசுக்கும். பந்தியில் போட்ட பணத்துக்கு வட்டி கிடையாது சார்.

மாமாவும் ஃபேக்டரிதான். அவருக்கும் கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது. சர்வீஸில் ஒரு நாள் குறையவில்லை. வயது இருவருக்கும் 58தான். வருஷம்தான் சமமில்லை!

இன்று தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் கம்பெனி பஸ்களில் இருபது வயதுப் பெண்கள் தூங்கி வழிந்துகொண்டு போகிறார்கள். பொம்மசந்திராவில் நாலு வருஷம், ஓசூரில் ஆறு வருஷம் என்றாலும் பத்துதான். பி.எஃப்.புக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் துடைத்து எடுத்தால் எத்தனை வருஷம் உழைத்தாலும் கூட்டுத்தொகை சைபர். தங்கைக்கு, கட்டிக்கப் போகிறவளுக்கு, இதை மட்டும் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் இந்தக் கணக்கைப் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"டேய், அப்ப நீ பி.காம். ரெண்டாவது வருஷம் படிச்சுட்டு இருந்தே. அந்த ஃபாரத்தை நிரப்பிக் குடுத்ததே நீதானேடா!"

பாலன்ஸ் ஷீட் பற்றி யாராவது கேட்டிருக்கலாம்!