மழை வந்தா 450 குதிரைக்கும் என்ன ஆகுது?

இது எங்கள் ஒலிபரப்பின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, என் ஃப்ரெண்ட் புதுசா ஒரு பவர்ஃபுல் கார் எடுத்திருக்கான். ஆல் வீல் டிரைவ். மழையிலயும் அதே வேகத்துலதான் ஓட்டுறான். நாலு சக்கரமும் இழுக்குது, அதனால வழுக்காதுன்னு சொல்றான். அது உண்மையா?"

பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு காரை வச்சுக்குவோம்: 2018 நவம்பரில் அறிமுகமான போர்ஷே 911, அதாவது 992 தலைமுறை. அதில் கரேரா எஸ், கரேரா 4எஸ் என்று இரண்டு மாடல்கள். இரண்டிலும் அதே 3 லிட்டர் டர்போ இன்ஜின், அதே 450 குதிரைத்திறன். எஸ் மாடலில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4எஸ்ஸில் நான்கும் இழுக்கும். நம்ம கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

உள்ளங்கை அளவு ரப்பர்

எவ்வளவு பெரிய இன்ஜினாக இருந்தாலும் கார் சாலையைத் தொடுவது நான்கே இடத்தில்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. வேகமெடுப்பது, பிரேக் பிடிப்பது, திரும்புவது என மூன்று வேலையும் அந்த ரப்பர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

இதை ஒரு பர்ஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. உள்ளே 100 ரூபாய் இருக்கு. வளைவில் திரும்ப 80 ரூபாய் செலவு பண்ணிட்டா, பிரேக்குக்குக் கொஞ்சம்தான் மிச்சம். உண்மையான கணக்கு இப்படி நேரடியாகக் கழியாது, ஆனா விஷயம் இதுதான். மழை பெய்தால் அந்தப் பர்ஸில் 60 ரூபாய்தான் இருக்கும். இன்ஜின் எவ்வளவு பெரிசா இருந்தாலும் பர்ஸில் ஒரு ரூபாய்கூடக் கூடாது.

காய்ந்த சாலையில்

கம்பெனி கொடுத்த கணக்குப்படி 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எஸ் மாடலுக்கு 3.7 நொடி, 4எஸ்ஸுக்கு 3.6 நொடி. வித்தியாசம் வெறும் 0.1 நொடி! ஏன் இவ்வளவு கம்மி? 911-இன் இன்ஜின் பின்னால் இருக்கு. அந்த எடை முழுக்கப் பின் சக்கரங்களைச் சாலையோடு அழுத்துது. அதனால் காய்ந்த சாலையில் இரண்டு சக்கரமே கிட்டத்தட்டப் போதும்.

அதே கார், ஈர சாலையில்

இங்கேதான் 4எஸ் முந்தும். ஈரத்தில் கிளம்பும்போது பின் சக்கரங்கள் மட்டும் அவ்வளவு சக்தியைத் தாங்காது, சுழல ஆரம்பிக்கும். உடனே கம்ப்யூட்டர் இன்ஜின் சக்தியைக் குறைக்கும். 4எஸ்ஸில் அந்த வேலையை நான்கு சக்கரமும் பங்கு போட்டுக்கொள்வதால், அது நிதானமாக, நேராகக் கிளம்பிப் போகும். தம்பியோட ஃப்ரெண்ட் சொன்ன பாதி உண்மை இதுதான்.

இப்ப மீதிப் பாதி. ஆல் வீல் டிரைவ் என்பது இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. பிரேக் எல்லா காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கு. அதனால் நிற்கும் விஷயத்தில் 4எஸ்ஸுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. சொல்லப்போனால் அது எஸ்ஸை விடக் கொஞ்சம் எடை கூட.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நல்ல டயர், காய்ந்த சாலை, பிடிமானம் 1 என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்திலிருந்து முழு பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 39 மீட்டர் வேண்டும். ஈரத்தில் பிடிமானம் 0.6 என்றால் சுமார் 65 மீட்டர். "26 மீட்டர்தானே கூட"ன்னு தோணும். ஆனா இப்படிப் பாருங்க: காய்ந்த சாலையில் கார் முழுசா நின்றிருக்கும் அந்த 39-ஆவது மீட்டரில், ஈர சாலையில் அதே கார் இன்னும் மணிக்கு 63 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பைக் நின்றிருந்தால்?

வளைவும் அதே கதைதான். காய்ந்த சாலையில் 80 கி.மீ. வேகத்தில் திரும்ப முடிகிற வளைவு, அதே கணக்கில், மழையில் 62-க்கு மேல் தாங்காது.

இப்ப சிக்கல் புரியுதா? பின் சக்கரம் மட்டும் இழுக்கும் கார், மழையில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே லேசாக வழுக்கிக் காட்டும். "டேய், பிடிமானம் இல்லை"ன்னு முன்கூட்டியே சொல்லிடும். ஆல் வீல் டிரைவ் கார் அந்த எச்சரிக்கையை மறைச்சிடும். ஒண்ணுமே நடக்காத மாதிரி வேகமெடுக்கும். சாலை எவ்வளவு வழுக்கல் என்பது உங்களுக்கு முதன்முதலாகத் தெரிய வருவது பிரேக் பிடிக்கும்போதுதான். அதுக்குள்ள ரொம்ப லேட்.

911-க்கு இன்னொரு குணமும் உண்டு. வளைவின் நடுவில் பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்பக்கம் சாயும். பின் சக்கரங்களின் பிடி குறையும். கனமான பின்பக்கம் வெளியே வீசப் பார்க்கும். இப்போதைய கார்களில் இஎஸ்பி தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு இதை நிறைய சமாளிக்கும். ஆனால் இஎஸ்பியும் அதே பர்ஸிலிருந்துதான் செலவு பண்ணணும்.

தண்ணி மேல மிதக்கும் கார்

இதுவரை பேசினது ஈர சாலை. தண்ணீர் தேங்கிய சாலை வேறு ஆட்டம். டயரில் இருக்கும் பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியேற்றும். வேகம் கூடினால் அதுக்கு நேரம் போதாது. தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். இதுதான் அக்வாபிளேனிங்.

1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தது. டயரின் காற்றழுத்தம் குறைந்தால், மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும். அந்தச் சூத்திரப்படி 36 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 100 கி.மீ. வேகத்தில் மிதக்கும். காற்று 25-க்கு இறங்கினால் 83 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். கார் டயருக்கு இது தோராயமான கணக்குதான். ஆனால் காற்று செக் பண்ணாத சோம்பேறித்தனத்துக்கு என்ன விலைன்னு இதுலயே தெரியுது.

இன்னொண்ணு, இந்த 911-இன் பின் டயர் 305 மில்லிமீட்டர் அகலம். காய்ந்த சாலையில் அது வரம். தேங்கிய தண்ணீரில் அந்த அகலம் முழுக்க தண்ணியை ஒதுக்கித் தள்ளியாகணும்.

கார் கேட்கும் மழைச் சத்தம்

இதையெல்லாம் தெரிந்துதான் அந்த 911-இல் 'வெட் மோட்' என்று ஒன்று வைத்தார்கள். முன் சக்கரங்களுக்கு மேலே உள்ள வளைவில் ஒலி சென்சார்கள் இருக்கும். டயர் வாரி அடிக்கும் தண்ணீரின் சத்தத்தை அவை கேட்டு, சாலை ஈரம் என்று டிரைவரை எச்சரிக்கும். டிரைவர் அந்த மோடைப் போட்டால் ஆக்ஸிலரேட்டர் மிருதுவாகும், இஎஸ்பி சீக்கிரமே தலையிடும், 90 கி.மீ. வேகத்திலிருந்து பின் ஸ்பாய்லர் கூடுதலாக உயரும்.

கவனிங்க, கார் எச்சரிக்கை மட்டும்தான் செய்யும். மோடை மாற்ற வேண்டியது டிரைவர். அதுவும் பிடிமானத்தை உண்டாக்காது. இருக்கிற 60 ரூபாயைச் சிக்கனமாகச் செலவு பண்ண உதவும், அவ்வளவுதான்.

ரேஸிலும் இதே பாடம் உண்டு. 1984 மொனாக்கோ கிராண்ட் ப்ரீயில் கொட்டும் மழை. அயர்டன் சென்னா என்ற புதுப் பையன், சாதாரண டோல்மேன் காரில், 13-ஆவது இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தார். மழையில் பெரிய இன்ஜின்களால் சக்தி முழுவதையும் பயன்படுத்த முடியவில்லை. பிடிமானம் எங்கே இருக்கு, எங்கே இல்லைன்னு காலாலயும் கையாலயும் உணர்ந்தவர் முன்னேறினார்.

ஃப்ரெண்டுக்கு என்ன சொல்லலாம்?

முதல் மழை விழும் நேரம் மோசமான நேரம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணியோட சேர்ந்து வழுக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்க. டயர் பள்ளம் 1.6 மி.மீ. இருக்கணும் என்பது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருக்காதீங்க. ஸ்டீயரிங் திடீர்னு லேசாகிட்டா கார் மிதக்குதுன்னு அர்த்தம். காலை மெதுவா எடுங்க, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க, பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க.

தம்பி, உன் ஃப்ரெண்டுகிட்ட ஒரே ஒரு வரி சொல்லு: "மச்சான், உன் கார் மழையில கிளம்புறதுல கெட்டிதான். ஆனா நிக்கிறதுல எல்லாரும் ஒண்ணுதான்." அவன் பக்கத்து சீட்டில் உட்காருவது நீதானே. தயங்காம சொல்லு.

அடுத்த வாரம் பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க, மக்களே.