ஆற்றில் அளந்து போடுதல்: முதியோரின் பொருளியல் அறிவுரைகளும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

பொருளை ஈட்டுதல், காத்தல், செலவிடுதல் பற்றி முதியோர் இளையோர்க்குக் கூறும் அறிவுரைகள் பெரும்பாலும் பழமொழி வடிவில் வழங்குகின்றன. பெர்சிவல் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் ஆங்கிலப் பெயர்ப்புடன் இடம்பெற்றுள்ளன. ஆயினும், தொகுப்புகள் தரும் கருத்தொற்றுமையை மட்டும் கொண்டு ஒரு மொழியின் பழமொழிக்கு மற்றொரு மொழியின் பழமொழியை ஈடாக வைத்தால் அறிவுரையின் நோக்கமே மாறிவிடக்கூடும். இதனை இரு எடுத்துக்காட்டுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

2. அளவும் எண்ணிக்கையும்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழி சிக்கனத்தை, சிலபோது கஞ்சத்தனத்தை, வலியுறுத்துவதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. இதன் தொடரமைப்பு அப்பொருளுக்கு இடந்தரவில்லை. '-ஆலும்' என்னும் விகுதி ஆற்றில் போடுதலைத் தடுக்கவில்லை. அதற்கு இசைவே தருகிறது. ஏவல் வடிவம் 'போடு' என்பதில் அமைந்திருப்பினும், ஏவலின் அழுத்தம் 'அளந்து' என்னும் வினையெச்சத்தின்மீதே விழுகிறது. செலவிடாதே என்பதன்று, கணக்கின்றிச் செலவிடாதே என்பதே முதியோர் கருத்து. கொடையும் விழாவும் இவ்வறிவுரைக்குப் புறம்பானவை அல்ல.

மலையாளத்தில் இது 'ஆற்றில் களஞ்ஞாலும் அளந்நு களயணம்' என்றும், தெலுங்கில் 'ஏட்லோ வேஸினா எஞ்சி வேயாலி' என்றும் வழங்குகிறது. மலையாளம் தமிழைப் போல அளத்தலைக் கூற, தெலுங்கு எண்ணுதலைக் கூறுகிறது. தெலுங்கு 'எஞ்சி' என்பதற்கு 'எண்ணி' என்பது பொருள். தமிழில் அதே எழுத்துவடிவம் 'மீதியாகி' எனப் பொருள்படுவதால் மொழிபெயர்ப்பாளர் மயங்க நேரும். மேலும், தமிழ் வடிவம் முன்னிலை ஒருமை ஏவலாக நின்று ஒருவரை நேரே விளிக்கிறது. மற்ற இரண்டும் '-அணம்', '-ஆலி' என்னும் கடப்பாட்டு விகுதிகளால் பொதுவிதி கூறுகின்றன. பாட்டி பேரனிடம் கூறுவதற்கு 'போடு' பொருந்தும். முகமறியாத வாசகர்க்குரிய துண்டறிக்கையில் 'அளந்து போட வேண்டும்' என்பதே மதிப்புடையது.

3. போர்வையும் விரலும்

இந்தியில் 'ஜித்னீ சாதர் ஹோ, உத்னே பைர் பஸாரோ' என்பர்; போர்வையின் நீளத்திற்கேற்பக் காலை நீட்டுக என்பது பொருள். கன்னடத்தில் 'ஹாசிகெ இத்தஷ்டு காலு சாச்சு' என்பர். அங்குப் போர்வைக்கு மாற்றாகப் படுக்கை அமைகிறது. இவற்றுக்கு ஈடாகத் தமிழில் 'விரலுக்கேற்ற வீக்கம்' என்பதைத் தருவது வழக்கம். மூன்றும் தகுதிக்கேற்ற செலவு என்னும் ஒரே கருத்தின்பாற்பட்டவை போலத் தோன்றும்.

எனினும், உவமைகளில் அமைந்த உடைமை உறவு வேறானது. போர்வையும் படுக்கையும் பிரிக்கத்தக்க உடைமைகள். இன்று குட்டையாயிருப்பதை நாளை நீளமானதாக மாற்றிக்கொள்ளலாம். விரலோ பிரிக்க இயலாத உடைமை, அது நீள்வதில்லை. காலை நீட்டுதல் இயல்பான விருப்பம். வீக்கமோ நோயின் அடையாளம். எனவே இந்தி, கன்னட வடிவங்கள் இன்றைய வரவைக் கருதி எச்சரிக்கின்றன. தமிழ் வடிவமோ ஆளின் தகுதியையே சுட்டிவிடுகிறது; பேச்சுவழக்கில் இது அறிவுரையாக மட்டுமன்றி இடித்துரையாகவும் வருவதற்கு இதுவே காரணம் எனலாம்.

சேமிப்பை விளக்கும் இந்தித் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குவோர் 'விரலுக்கேற்ற வீக்கம்' என எழுதினால், வருவாய் குறைந்த வாசகர்க்கு 'உன் நிலை இவ்வளவே' என்னும் செய்தி சென்றடையும். மூலத்தில் இல்லாத இழிவு அது. இவ்விடத்தில் போர்வை உவமையை அப்படியே தமிழில் தருதல் நன்று. கேட்போர்க்கு அது எளிதில் விளங்கும். 'வரவுக்குத் தக்க செலவு' என்னும் நேர்த்தொடரும் பொருந்தும்.

4. முடிவுரை

பழமொழிக்குப் பழமொழியே ஈடு என்னும் நெறி எல்லா இடத்தும் பொருந்துவதன்று. கட்டளையின் அழுத்தம் எச்சொல்லில் விழுகிறது, உவமையின் உடைமை மாறத்தக்கதா, கூற்று யாரை நோக்கியது என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே ஈடு தேர்தல் வேண்டும். முதியோரின் அறிவுரை இளையோரின் வாழ்வு சிறக்க வேண்டும் என்னும் பரிவில் பிறந்தது. சொற்பொருளைக் காத்து அப்பரிவை இழக்கும் மொழிபெயர்ப்பு, அளவாமல் ஆற்றில் போட்டதற்கு ஒப்பாகும்.