பல பொருள் கொண்ட சொல்லும் கணினியும்

ஒரே வடிவமுள்ள சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கும்போது, குறிப்பிட்ட தொடரில் எப்பொருள் கருதப்பட்டது எனத் தேரும் பணியைக் கணினி மொழியியலில் சொற்பொருள் மயக்க நீக்கம் எனலாம். எந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி 1949-இல் எழுதிய குறிப்பில் அமெரிக்க அறிஞர் வாரன் வீவர், ஒரு சொல்லை மட்டும் காட்டும் துளை வழியே நூலைப் பார்ப்பவருக்கு அதன் பொருள் பிடிபடாது என்றும், துளையை அகலப்படுத்தி இருபுறமும் உள்ள சொற்களைக் காட்டினால் ஐயம் நீங்கும் என்றும் விளக்கினார். அதன்பின் இத்துறை செய்துவந்திருப்பது பெரும்பாலும் அத்துளையை அகலப்படுத்தும் வேலையே.

சொற்களைக் காட்டினால் மட்டும் போதாது என்று 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் மறுத்தார். ஆங்கிலத்தில் ‘பென்’ என்பது எழுதுகோலையும் குழந்தைகள் விளையாடும் அடைப்பையும் குறிக்கும். பெட்டி பென்னுக்குள் இருந்தது என்றால் அடைப்பே கருதப்பட்டது என உணர, பெட்டி எழுதுகோலுக்குள் அடங்காது என்னும் உலகறிவு வேண்டும், அதைக் கணினிக்குப் புகட்ட இயலாது என்பது அவர் வாதம். இத்துறையில் எழுந்த எதிர்ப்புகளுள் இதுவே மிக வலியது.

1986-இல் மைக்கேல் லெஸ்க், ஒரு சொல்லுக்கு அகராதி தரும் விளக்கங்களை அண்டைச் சொற்களின் விளக்கங்களோடு ஒப்பிட்டு, பொதுச்சொற்கள் மிகுந்த பொருளைத் தேரும் முறையை வகுத்தார். 2013-இல் வெளிவந்த வேர்ட்2வெக் என்னும் முறை, ஒவ்வொரு சொல்லையும் அது பழகும் சூழல்களுக்கேற்ப ஓர் எண்வரிசையாக மாற்றியது. ஆயினும் ஒரு சொல்லுக்கு ஒரே வரிசை என்பதால், பொழுதைக் குறிக்கும் மாலையும் பூமாலையும் அதில் ஒன்றாகக் கலந்துபோகும். 2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் போன்ற மாதிரிகளோ, தொடரிலுள்ள மற்றச் சொற்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு தொடர்புடையது என எடைபோட்டு, அந்தந்த இடத்துக்கென எண்வரிசையைப் புதிதாகக் கணிக்கின்றன. பெட்டி எழுதுகோலுக்குள் அடங்காது என்று அவற்றுக்கு எவரும் விதி எழுதித் தரவில்லை. திரளான நூல்களில் எச்சொல் எச்சொல்லோடு வருகிறது என்பதிலிருந்து அவ்வறிவின் சாயல் அவற்றுக்கு வந்துசேர்கிறது.

தமிழில் மயக்கம் நீக்கும் சான்று பல வேளைகளில் சொல்லுக்குள்ளேயே கிடைக்கிறது. ஆறு என்பது எண்ணாயின் ‘ஆறில் ஒரு பங்கு’ என்றும், நதியாயின் ‘ஆற்றில் வெள்ளம்’ என்றும் உருபேற்கும். படி என்னும் சொல் படித்தான், படிந்தது, படியில் எனத் திரியும்போது பொருளும் வேறுபடும். ஆனால், மாதிரிகள் பலவும் சொல்லை இலக்கணப்படி பகுதி, விகுதி எனப் பிரிக்காமல், எழுத்துத்தொடர்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்ற கணக்கைக் கொண்டே துண்டாக்குகின்றன. பயிற்சித் தரவில் ஆங்கிலமே மிகுந்திருந்தால் தமிழ்ச்சொல் பொருளற்ற சிறு துண்டுகளாகச் சிதறி, தமிழ் இலக்கணம் தரும் அச்சான்றைக் கணினி எளிதில் பற்ற முடியாமல் போகிறது.