அமைச்சரின் வாசலும் கொழுந்துக் கூடையும்



காலையில் நீங்கள் ஊற்றும் தேநீரின் பின்னால் எத்தனை பெண்களின் கைகள் இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. அவர்களுடைய நாட்சம்பளம் கூடினால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைத்தெருக்களில் மாவும் சீனியும் துணியும் விற்கும் நம் குடும்பங்களின் அடுப்பும் நன்றாக எரிகிறது. குறைந்தால் கடன் கொப்பி நீள்கிறது. அப்படியானால் அந்தச் சம்பளத்தைத் தீர்மானிப்பவர்களின் காதில் யார் பேசுகிறார்கள், எங்கே பேசுகிறார்கள் என்பது நமக்கும் உரிய கேள்விதானே?

ஆட்சியாளரை அணுகி ஒரு சட்டத்தைக் கொண்டுவரவோ தடுக்கவோ முயல்வதை ஆங்கிலத்தில் ‘லொபி’ என்பார்கள். நம் பேச்சில் அது சிபாரிசு. சிபாரிசு எல்லாமே தீது என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சரின் கதவைத் தட்டுகிறார். பாடசாலைக்குக் கட்டடம் கேட்கும் பெற்றோரும் தட்டுகிறார்கள். ஷஃபாஅத் என்னும் பரிந்துரையை நம் மார்க்கமும் நல்லது, கெட்டது எனப் பிரித்தே பார்க்கிறது. பரிந்துரை மறைவில் நடப்பதும், அதன் கூடவே அன்பளிப்பு செல்வதும்தான் ஆபத்து.

ஸக்காத் வசூலிக்கச் சென்ற ஒருவர், இது பொதுநிதிக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, பெற்றோர் வீட்டில் சும்மா இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டுக் கண்டித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். அதிகாரிக்கு வரும் பரிசு அவருடைய முகத்துக்காக வருவதில்லை, நாற்காலிக்காக வருகிறது.

வாக்குச் சீட்டும் பக்கக் கதவும்

இது நேற்று முளைத்த பிரச்சினை அல்ல. தோட்டத் துரைமார் 1854 இல் கண்டியில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். ரயில் பாதை வேண்டும், கூலியாட்கள் வேண்டும் என்று தேசாதிபதியிடம் விடாமல் வலியுறுத்தினார்கள். ரயில் 1867 இல் கண்டிக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. அந்தப் பாதையால் நாடு முழுவதும் பயன் பெற்றது என்பதையும் மறுக்க முடியாது. சட்டநிரூபண சபையிலும் தோட்டத் துரைமாருக்கென ஓர் ஆசனம் இருந்தது. முஸ்லிம்களுக்கு அங்கே முதல் ஆசனம் கிடைத்தது 1889 இல்தான்.

தோட்டத் தொழிலாளிக்கோ அப்போது ஆசனமும் இல்லை, வாக்கும் இல்லை. ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போகவும் முடியாது. அந்த முறை 1921 இல்தான் ஒழிந்தது. 1931 இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது ஹட்டன் தொகுதி பெரி சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் தொழில் அமைச்சரும் ஆனார். வாக்குக்கு அத்தனை வலிமை! ஆனால் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பறித்தன. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினைக்கு 2003 இல் வந்த சட்டமே முடிவு கட்டியது.

சிந்தித்துப் பாருங்கள். ஏழைக்கு அரசிடம் போக இருப்பது வாக்குச் சீட்டு என்னும் ஒரே வாசல். செல்வாக்குள்ளவருக்கு அது மூடினாலும் பக்கக் கதவு திறந்திருக்கும்.

வெளியே தெரியும் மேசை

சம்பள விவகாரத்தையே பாருங்கள். முதலாளிமார், தொழிற்சங்கத்தார், அரசு நியமித்தோர் ஆகிய மூன்று தரப்பும் சம்பள நிர்ணய சபையில் அமர்கிறார்கள். அந்தச் சபை மூலம் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 மே மாதம் 1,700 ரூபா என வர்த்தமானி வந்தது, மீண்டும் வழக்கு. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா என முடிவானது. கூடைக்காரப் பெண்ணுக்கு இது கசப்புத்தான். ஆனாலும் யார் எதைக் கேட்டார், யார் எதை எதிர்த்தார் என்பதை அவள் பத்திரிகையில் படிக்க முடிந்தது.

எல்லா முடிவுகளும் இப்படி எடுக்கப்படுவதில்லை. கிளைபோசேற் களைகொல்லியை அரசு 2015 இல் தடை செய்தது. களை மண்டுகிறது, கூலிச் செலவு கூடுகிறது, மாற்று மருந்தின் எச்சத்தால் ஜப்பானியச் சந்தை கைநழுவும் என்று தேயிலைத் துறையினர் அரசிடம் முறையிட்டார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீங்கியது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து தெளிப்பவரின் வாக்குமூலமும், அந்த மலையில் கொழுந்து பறிப்பவளின் வாக்குமூலமும் எந்த மேசையில் வைக்கப்பட்டன? அந்தச் சந்திப்புகளைப் பற்றிய பொதுப் பதிவேடு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

கதவைப் பூட்டுவதா, விளக்கை ஏற்றுவதா?

மக்கள் ஆட்சியாளரிடம் பேசுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பேசும் இடத்தில் விளக்கை ஏற்றலாம். அமெரிக்காவில் இதற்கென 1995 இல் ஒரு சட்டம் வந்தது. அயர்லாந்தில் 2015 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆட்சியாளரிடம் பரிந்து பேசுவோர் தம்மைப் பதிவு செய்து, யாரிடம் பேசினோம், என்ன கேட்டோம் என்று ஆண்டுக்கு மூன்று முறை அறிக்கை தர வேண்டும். எவரும் அதைப் படிக்கலாம். பதவி விட்டிறங்கிய அமைச்சரும் ஓராண்டுக்கு, அனுமதியின்றித் தம் பழைய அமைச்சில் யாருக்காகவும் பரிந்து பேச முடியாது.

நம் நாட்டில் அத்தகைய பதிவேடு இல்லை. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள். தேர்தல் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டமும் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் 2023 இல் வந்துள்ளன. 2016 முதல் தகவலறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. அமைச்சிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள தகவல் அலுவலரிடம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லாமலே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்வது பொது விதி. மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, வருகைக்கு அரசே 200 ரூபா ஊக்கத்தொகை தருவதென முன்மொழியப்பட்டது. அந்த 200 ரூபா பொதுப்பணம். நீங்கள் வாங்கும் ஒரு சவர்க்காரக் கட்டியின் வரியும் அதில் சேர்கிறது. பொதுப்பணம் போகும் வழியைக் கேட்பது வம்பு அல்ல. அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பதாகும்.

ஆகவே சகோதரிகளே, தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவரிடம் பாலமும் பாதையும் மட்டும் கேட்காதீர்கள். “நீங்கள் பதவிக்கு வந்தபின் உங்களை யார் யார் சந்தித்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எங்களுக்கு எழுதி வைப்பீர்களா?” என்றும் கேளுங்கள். ஒரு வீட்டில் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். ஊர் முழுவதும் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.